மண்டையோடு வெளுத்த பிறகும் மஞ்சள் திரும்பி வருகிறது, என்ன செய்யலாம்?

செவலையன் | மார்ச் 3, இரவு 9:40

வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

என்னிடம் 11 வருடம் இருந்த செவலை ஆட்டுக் கிடா போன வருடம் வயதாகி இறந்தது. தாயில்லாக் குட்டியாக வந்தது, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். புதைக்கும்போதே, தலையை மட்டும் பின்னால் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதில் முடிவு செய்துவிட்டேன். 8 மாதம் கழித்துத் தோண்டினேன். கொம்பு உறைகள் இரண்டும் கையோடு கழன்று வந்தன. ஓடு பழுப்பேறி இருந்தது. மூளைக்குழியிலும் தாடை மூட்டிலும் மட்டும் பசை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அது போகட்டும் என்று பெரிய பாத்திரத்தில் போட்டு 2 மணி நேரம் கொதிக்க வைத்தேன். சுரண்டிக் கழுவி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 2 நாள் ஊறப்போட்டேன். எடுத்துக் காயவைத்தபோது அப்படி ஒரு வெள்ளை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மூன்று வாரம்தான். கீழ்த்தாடையின் பின்மூலையிலும் கொம்பு முளைக்கும் இடத்தைச் சுற்றியும் மஞ்சள் திட்டுகள் வந்துவிட்டன. எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி அந்த இடம் மட்டும் கண்ணாடித்தன்மையாகத் தெரிகிறது. தொட்டால் பிசுபிசுப்பு, தூசி போய் ஒட்டுகிறது, கிட்டப் போனால் லேசாக ஒரு வாடை. பெராக்சைடு பலம் போதவில்லையோ? 12 சதவீதம் வாங்கி இன்னொரு முறை போடலாமா? துணிக்குப் போடும் பிளீச் ஊற்றினால் ஒரே நாளில் போய்விடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார்.

இன்னொரு வருத்தம். மேல்தாடையின் முன்பற்கள் ஒன்றுகூட இல்லை. தோண்டிய குழி மண்ணை இரண்டு தடவை சலித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

---

எலும்புப்பெட்டி | மார்ச் 3, இரவு 11:05

முதலில் பல் விஷயம். சலிப்பதை நிறுத்திவிடுங்கள், நீங்கள் எதையும் தொலைக்கவில்லை. ஆடு, மாடு, மான் இவற்றுக்கெல்லாம் மேல்தாடையில் வெட்டுப்பல் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறுமேடு இருக்கும், கீழ்ப்பற்கள் அதன்மேல் அழுந்திப் புல்லைப் பிடிக்கும். உங்கள் கிடாவுக்குக் கீழே முன்புறம் 8, மேலும் கீழும் இரு பக்கமும் கடைவாயில் ஆறாறு, ஆக 32 இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இனி மஞ்சள். அது கறை இல்லை, கொழுப்பு. நான் இருபது வருடமாகப் பாடம் நடத்துவதற்கான எலும்புக்கூடுகள் தயார் செய்கிறேன். இந்தக் கேள்வி எத்தனை தடவை வந்திருக்கும் என்று கணக்கே இல்லை, பதில் ஒவ்வொரு தடவையும் இதேதான். எலும்பு பார்க்கத்தான் கல் மாதிரி. உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டைகள், அந்த ஓட்டைகளில் மஜ்ஜையும் கொழுப்பும். பெராக்சைடு நிறத்தை எரிக்கும், கொழுப்பைத் தொடாது. நீங்கள் மேலே வெளுத்தீர்கள். உள்ளே இருந்த கொழுப்பு காய்ந்த பிறகு மெதுவாக வெளியே கசிந்து, காற்றுப் பட்டு மஞ்சளாகியது. வாடையும் அதுதான், சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை. 12 சதவீதம் போட்டாலும் மறுபடி மூன்று வாரம் வெள்ளையாக இருக்கும், மறுபடி மஞ்சளாகும். ஒவ்வொரு முறையும் எலும்பின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பாகிக்கொண்டே போகும்.

கொதிக்க வைத்ததும் இதில் ஒரு காரணம். எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது, மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். அந்த நார்தான் எலும்பு நொறுங்காமல் பிடித்து வைத்திருப்பது. கொதிநீரில் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். உருகிய கொழுப்போ இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். 2 மணி நேரம் என்பதால் பெரிய சேதம் இருக்காது, ஆனால் இனி கொதிக்க விடாதீர்கள்.

இரண்டு சோதனை செய்து பாருங்கள். நன்றாகக் காய்ந்த ஓட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சுத்தமான இடத்தில் எலும்பு அதைக் குடித்துவிடும், கொழுப்புள்ள இடத்தில் சொட்டு முத்தாக நிற்கும். அப்புறம் தாடையைப் பழுப்புக் காகிதத்தில் வைத்து வெதுவெதுப்பான இடத்தில் 2 நாள் விடுங்கள். காகிதத்தில் எண்ணெய்த் தடம் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

---

நிலவறை | மார்ச் 4, காலை 7:15

பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம் நண்பரே. நான் அனுபவித்தவன், அதனால்தான் காலையில் முதல் வேலையாக எழுதுகிறேன்.

பல வருடம் முன்னால் ஒரு மலையடிவாரத்தில் செம்மறி மண்டையோடு ஒன்று கிடைத்தது, மழையிலும் வெயிலிலும் கிடந்து அழகாக முதிர்ந்தது. பாசிப் பச்சை போகட்டும் என்று பிளீச்சில் ஒரு ராத்திரி போட்டேன். காலையில் பால் வெள்ளை. அலமாரியில் வைத்தேன். ஆறு மாதம் கழித்துத் துடைக்க எடுத்தபோது துணியெல்லாம் வெள்ளைத் தூள். மூக்கெலும்பின் நுனி கையிலேயே உதிர்ந்தது. கண்குழியின் ஓரம் பிஸ்கட் மாதிரி மெதுமெதுவென்று ஆகியிருந்தது. எத்தனை தடவை கழுவியும் நிற்கவில்லை. இப்போது அதில் கடைவாய்ப் பல் வரிசை மட்டும்தான் மிச்சம், ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

---

எலும்புப்பெட்டி | மார்ச் 4, காலை 8:30

நிலவறை சொல்வதுதான் நடக்கும். பிளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் கொலாஜனையே கரைக்கிறது. எலும்பின் நுண்துளையில் தங்கிவிட்டதைக் கழுவி முழுக்க வெளியேற்றவும் முடியாது. உங்கள் துணி உதிர்ந்தால் தைக்கலாம், இதற்கு ஒட்டுப்போட வழியில்லை.

---

செவலையன் | மார்ச் 4, இரவு 8:50

முன்பல் பற்றிப் படித்தபோது வீட்டில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். 11 வருடம் தினமும் வாயைப் பார்த்திருக்கிறேன், கைவிரலைக் கடித்திருக்கிறது, வலித்ததே இல்லை. ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சொட்டுச் சோதனை செய்தேன். நெற்றியில் வைத்த சொட்டு சில நொடியில் மறைந்தது. தாடை மூலையில் வைத்தது ஐந்து நிமிடம் அப்படியே நின்றது. ஆக, கொழுப்புதான்.

இனி எப்படி எடுப்பது? ஐயா கொஞ்சம் விவரமாகச் சொன்னால் அப்படியே செய்கிறேன். அவசரம் இல்லை.

---

எலும்புப்பெட்டி | மார்ச் 5, காலை 6:20

அவசரம் இல்லை என்று சொன்னீர்களே, அது போதும். இந்த வேலை கேட்பது நேரம் ஒன்றைத்தான்.

மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்று, ஓடும் தாடையும் முழுக்க மூழ்கும் அளவு. வெந்நீர், அதில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் தாராளமாக. கைக்கு மென்மை தரும் எண்ணெய், கிரீம் எதுவும் கலக்காத சாதாரண திரவம் பாருங்கள். ஆட்டுக் கொழுப்பு கெட்டியானது, வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் நன்றாக இளகும். குளிர்ந்த சோப்புத் தண்ணீரில் வருடக்கணக்காகப் போட்டாலும் அசையாது. அதனால் 45 டிகிரி அளவில் வைக்கப் பாருங்கள். கை வைத்தால் சூடாக இருக்க வேண்டும், பொறுக்க முடியாத சூடு வேண்டாம்.

சூட்டை எப்படி நிறுத்துவது என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு வழி. மீன்தொட்டி ஹீட்டர் பலரும் போடுகிறார்கள், ஆனால் பெரும்பாலானவை 32, 34 டிகிரிக்குமேல் போகாது. வேலை நடக்கும், மெதுவாக நடக்கும். போடுவதானால் ஹீட்டர் எலும்பிலோ வாளியின் சுவரிலோ படக்கூடாது, தண்ணீர் குறைந்து வெளியே தெரியக்கூடாது, கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஹீட்டர் இல்லையென்றால் வாளியைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்துப் பழைய கம்பளியால் சுற்றி, காலையும் மாலையும் தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள். நான் வீட்டில் செய்யும்போது இப்படித்தான்.

இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கலங்கும். மேலே மெழுகு மாதிரி வெண்மையாக ஒரு படலம் மிதக்கும். அதுதான் நீங்கள் தேடும் ஆள். ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர், புதுச் சோப்பு. ஊற்றும்போது எப்போதும் சல்லடை வழியாக ஊற்றுங்கள், ஒற்றை வேர் உள்ள முன்பற்கள் நழுவி விழும். எத்தனை தடவை மாற்ற வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் வைத்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் போதும். ஆட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் எதிர்பாருங்கள். பன்றி, கரடி மாதிரி கொழுத்த விலங்குகளானால் அரை வருடம்கூட ஆகும்.

---

கூடுகட்டி | மார்ச் 5, மதியம் 1:10

அசிட்டோன் போட்டால் நேரம் குறையுமே? நான் ஒரு காட்டுப்பன்றித் தாடைக்கு அப்படித்தான் செய்தேன், சோப்பில் மூன்று மாதம் நகராதது அசிட்டோனில் சில வாரத்தில் வந்தது.

---

எலும்புப்பெட்டி | மார்ச் 5, மாலை 5:45

வரும், உண்மை. ஆனால் புதிதாகச் செய்பவருக்கு நான் சொல்வதில்லை. அசிட்டோனின் ஆவி அறை வெப்பத்தில், அதைவிடக் குளிரிலும் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து தூரத்து அடுப்பு, சுவிட்ச் வரை போகும். வீட்டுக்குள் வேண்டாம், சூடு காட்டவே வேண்டாம்.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்: அசிட்டோனும் பெராக்சைடும் ஒன்றையொன்று சந்திக்கவே கூடாது. சேர்ந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகலாம். அசிட்டோனில் ஊறிய எலும்பைத் திறந்த வெளியில் பல நாள் காயவிட்டு, வாடை துளியும் இல்லை என்று ஆன பிறகு தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம்தான் வெளுப்பது. அதேபோல அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் நச்சுவாயு. எந்தப் புட்டியையும் எதோடும் கலக்காதீர்கள்.

---

கால்நடை_மாணவி | மார்ச் 5, இரவு 10:25

செவலையன் அண்ணா, உங்கள் கிடா வயதாகித்தான் இறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு இது பொருந்தாது. இந்த இழையைப் படித்துவிட்டுக் கிடைத்த தலையை எடுத்துவர நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

நேற்று வரை நன்றாக மேய்ந்த ஆடோ மாடோ திடீரென்று விழுந்து இறந்து, மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ உறையாத கருத்த ரத்தம் வந்திருந்தால் அது அடைப்பானாக இருக்கலாம், ஆந்த்ராக்ஸ் என்பார்களே அதுதான். தொடக்கூடாது, அறுக்கக்கூடாது, கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கிருமி விதை வடிவில் மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெறிநோய் இருந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் நாய், நரி, வவ்வால் தலைகளும் அப்படித்தான், அங்கே ஆபத்து மூளையிலும் எச்சிலிலும். நல்ல தலையே ஆனாலும் கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த எலும்பைத் தேய்க்கும்போது முகக்கவசமும் வேண்டும், எலும்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள். இதற்கென்று எடுத்தது இதற்கே இருக்கட்டும்.

காட்டு விலங்கானால் சட்டத்தையும் பார்த்துவிட்டு எடுங்கள். தானாகச் செத்துக் கிடந்ததுதானே என்பது பல நாடுகளில் செல்லாது. எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கு 1975 முதல் நடைமுறையில் இருக்கும், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் வேறு உண்டு. வளர்ப்பு விலங்குகளில் இந்தச் சிக்கல் இல்லை.

---

கூடுகட்டி | மார்ச் 6, காலை 9:00

நல்ல குறிப்பு, நன்றி. இதோடு ஒரு கேள்வி. கொதிக்க வைக்கவும் கூடாது என்றால் புதுத் தலையில் சதையை எப்படித்தான் எடுப்பது? வண்டு விடலாம் என்கிறார்கள், புதைக்கலாம் என்கிறார்கள். செவலையனுக்குப் புதைத்தது நன்றாகத்தானே வந்திருக்கிறது?

---

எலும்புப்பெட்டி | மார்ச் 6, இரவு 9:30

புதைப்பதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் மண் தன் நிறத்தை ஏற்றிவிடும், அந்தப் பழுப்பு முழுக்க என்றைக்கும் போகாது. வேர்கள் எலும்பில் கோலம் போட்ட மாதிரி தடம் அரித்துவிடும், சிறு பற்கள் காணாமல் போகும். புதைப்பதானால் ஓட்டையுள்ள தொட்டிக்குள் வைத்து, மேலே வலை கட்டிப் புதையுங்கள்.

வண்டு என்றால் டெர்மெஸ்டிட் வகை. அருங்காட்சியகங்களில் அதைத் தனி அறையில், பெரும்பாலும் தனிக் கட்டடத்திலேயே வளர்ப்பார்கள். காரணம், அதன் புழு சதையோடு நிற்காது, கம்பளி, தோல், பாடம் செய்த பறவை எல்லாவற்றையும் தின்னும். எலியின் தலையை ஒரு முடிகூடச் சிதறாமல் அது சுத்தம் செய்யும் அழகை நான் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூக்குக்குள் இருக்கும் காகிதச் சுருள் போன்ற எலும்புகள்கூட முழுசாக நிற்கும். ஆனாலும் வீட்டில் வேண்டாம்.

வீட்டுக்கு ஏற்றது தண்ணீர்தான். தோலையும் பெரிய சதையையும் கத்தியால் எடுத்துவிட்டு, பின்மண்டைத் துளை வழியாக வளைந்த கம்பியாலும் நீர்ப்பீச்சலாலும் மூளையைக் கலக்கி வெளியேற்றிவிட்டு, வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் மூழ்கவைத்து மூடுங்கள். 30 டிகிரி சுற்றி இருந்தால் நுண்ணுயிர்கள் சதையைத் தின்று தீர்க்கும். சோப்பு, மருந்து எதுவும் இந்தக் கட்டத்தில் போடக்கூடாது, போட்டால் வேலைக்காரர்களைக் கொன்ற மாதிரி. தண்ணீரையும் முழுக்க மாற்றாமல் பாதிதான் மாற்ற வேண்டும். நாற்றம் கடுமையாக இருக்கும், வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். எலும்பு கறுத்துப்போனால் பயப்படாதீர்கள், பின்னால் பெராக்சைடில் போய்விடும். சிறிய தலைக்குச் சில வாரம், பெரியதற்கு இரண்டு மூன்று மாதம்.

இளம் விலங்காக இருந்தால் ஒன்று. மண்டையோட்டின் தையல்கள், அதாவது எலும்புகள் ஒன்றோடொன்று கூடும் கோடுகள், இன்னும் சேர்ந்திருக்காது. தண்ணீரில் ஊறினால் துண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு பக்கத்தையும் முதலிலேயே படம் எடுத்து வைத்தால்தான் பிறகு கூட்ட முடியும்.

---

செவலையன் | மார்ச் 29, இரவு 9:15

மூன்று வாரக் கணக்குச் சொல்ல வந்தேன். தெர்மாகோல் பெட்டி, கம்பளி, காலை மாலை வெந்நீர். முதல் வாரம் ஊற்றிய தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. விரலால் வழித்தால் நகத்திடுக்கில் மெழுகாகச் சேர்ந்தது. இப்போது நான்காவது தடவை மாற்றியிருக்கிறேன், கலங்கல் குறைந்திருக்கிறது.

ஆனால் இன்று எடுத்தபோது கீழ்த்தாடை நடுவில் இரண்டாகப் பிளந்து வந்தது. அழுத்தவே இல்லை, தூக்கினேன், ஒரு கைக்கு ஒன்றாக வந்துவிட்டது. கொதிக்க வைத்ததால்தானா? மனசே சரியில்லை. அதோடு இடப்பக்க மேல் கடைவாயில் ஒரு பல் குறைகிறது. சல்லடையில் இல்லை.

---

கால்நடை_மாணவி | மார்ச் 29, இரவு 9:50

உடையவில்லை அண்ணா! ஆட்டின் கீழ்த்தாடை இரண்டு எலும்புதான். முகவாயில் நாரும் குருத்தெலும்பும் சேர்த்துப் பிடித்திருக்கும், எலும்பாக இறுகாது. நார் கரைந்ததும் பிரிந்துவிட்டது. சேரும் முகம் இரண்டும் சொரசொரப்பாக, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி மேடுபள்ளமாக இருக்கிறதா பாருங்கள். உடைந்த எலும்பு அப்படி இருக்காது.

பல் இருந்த குழியைப் பாருங்கள். கூர்மையான விளிம்போடு வேர் இருந்த துளைகள் தெரிகின்றனவா, இல்லை வழுவழுப்பாக மூடியிருக்கிறதா?

---

செவலையன் | மார்ச் 30, காலை 6:40

மேடுபள்ளம் இருக்கிறது, சேர்த்துப் பிடித்தால் டக்கென்று உட்காருகிறது. நிம்மதி.

குழியே இல்லை. எலும்பு வழுவழுப்பாக மூடி, நடுவில் சின்னப் பள்ளம் மட்டும். எதிரே கீழ்த்தாடையில் இருக்கும் பல் மட்டும் பக்கத்துப் பற்களைவிட உயரமாக வளர்ந்திருக்கிறது.

---

கால்நடை_மாணவி | மார்ச் 30, காலை 7:05

அப்படியானால் அந்தப் பல் உயிரோடு இருக்கும்போதே போய்விட்டது, எலும்பு மூடும் அளவுக்குப் பிறகும் வாழ்ந்திருக்கிறது. தேய்க்க எதிர்ப்பல் இல்லாததால் கீழ்ப்பல் உயர்ந்துவிட்டது. கடைசிக் காலத்தில் தீனி மெல்லும்போது ஒரு பக்கமாகவே மென்றதா? வாயிலிருந்து அரைகுறையாக உருட்டி விழுந்ததா?

---

செவலையன் | மார்ச் 30, இரவு 10:10

விழுந்தது. கடைசி இரண்டு வருடம் பச்சைத் தழையை வாயில் ஒதுக்கி வைத்துவிட்டு உருண்டையாகக் கீழே போடும். கொழுப்பு எடுத்து வீம்பு பண்ணுகிறது என்று நினைத்து ஒன்றிரண்டு தடவை அதட்டியும் இருக்கிறேன். பிறகு நானாகவே தழையைப் பொடியாக நறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தேன், காரணம் தெரியாமலே. இன்று முழுக்க அந்த வழவழப்பான இடத்தைத்தான் விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

---

நிலவறை | மார்ச் 31, காலை 7:30

நறுக்கிக் கொடுத்தீர்கள் அல்லவா. அதனால்தான் எலும்பு மூடும்வரை இருந்திருக்கிறது.

---

செவலையன் | மே 6, இரவு 8:20

மொத்தம் 9 வாரம். கடைசியாக மாற்றிய தண்ணீர் 8 நாள் ஆகியும் தெளிவாகவே இருக்கிறது. வெறும் வெந்நீரில் சோப்பு போக அலசி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டேன். தாடை மூலையில் சொட்டு வைத்தேன், குடித்துவிட்டது. இனி வெளுக்கலாமா? கொம்பு உறையையும் சேர்த்துப் போடலாமா?

---

எலும்புப்பெட்டி | மே 6, இரவு 9:45

இந்த வரியைப் படிக்கத்தான் காத்திருந்தேன்.

உறையைப் போடாதீர்கள். அது எலும்பு இல்லை, நகத்தைப் போல கெரட்டின். பெராக்சைடில் நிறம் வெளிறிச் செதில் செதிலாக எழும்பும். உறையின் உட்புறத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டால் போதும். துணிப்பூச்சியும் வண்டும் கெரட்டினைத் தின்னும் என்பதால், காய்ந்ததும் பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து எடுங்கள். மானின் கொம்பு வேறு, அது எலும்பே. அதன் நிறம் போகாமல் இருக்க அதையும் வெளியே விட்டுத்தான் வெளுப்பார்கள்.

ஓட்டுக்கு அதே 3 சதவீதம் போதும். முழுக்க மூழ்கட்டும், மேலே மிதந்தால் பிளாஸ்டிக் தட்டால் அழுத்துங்கள், உலோகம் வேண்டாம். மூடியை இறுக்கக்கூடாது. ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், இறுக மூடினால் வாளி வெடிக்கும். இருட்டான இடம், வெளிச்சத்தில் பெராக்சைடு வெறும் தண்ணீராகிவிடும். சூடும் காட்டாதீர்கள். முடிக்குச் சாயம் போடுபவர்கள் பயன்படுத்தும் 20 வால்யூம் என்பது 6 சதவீதம், 40 வால்யூம் 12. பெரிய மாட்டுத்தலையை மூழ்கவைக்க வாளி இல்லாதவர்கள் அந்தக் கிரீமைப் பஞ்சில் தடவிச் சுற்றுவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. 30 சதவீதம் தோலைச் சுட்டுவிடும், வீட்டில் வைக்கவே வேண்டாம்.

ஒரு நாள் கழித்து எடுத்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டுப் பிறகு பாருங்கள். ஈர எலும்பின் நிறத்தை நம்பி மறுபடி போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்புறம் என் சொந்த விருப்பம் ஒன்று: தந்த நிறம் வந்ததும் நிறுத்துங்கள். எலும்பின் இயல்பான நிறம் அதுதான். சுவர் வெள்ளைக்குக் கொண்டுபோனால் தையல்கோடுகளும் ரத்தக்குழாய்த் தடங்களும் கண்ணுக்கு மறைந்துபோகும்.

---

செவலையன் | மே 24, இரவு 9:00

முடிந்தது. படம் இணைத்திருக்கிறேன். 30 மணி நேரம் பெராக்சைடு, இரண்டு நாள் வெறும் தண்ணீர், பத்து நாள் நிழல். வெயிலில் வைக்கவில்லை.

தந்த நிறத்தில் நிறுத்திவிட்டேன். மூக்கெலும்பின் மேல் மண் ஏற்றிய பழுப்பு கொஞ்சம் மீந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நெற்றித் தையல் ஆற்று வரைபடம் மாதிரி வளைந்து வளைந்து தெரிகிறது. காய்ந்தபோது கடைவாய்ப் பல் ஒன்றில் மட்டும் மெல்லிய கீறல் விழுந்தது.

தாடையையும் ஆடிய முன்பற்களையும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன், தண்ணீரில் ஊறவைத்தால் பின்னால் எடுத்துவிடலாம் என்று கூடுகட்டி தனிச்செய்தியில் சொன்னார். கொம்பு உறைகளை மாட்டினேன். இடது உறையின் நுனியில் ஒரு வெட்டு இருக்கிறது, இரண்டாம் வயதில் இரும்புக் கதவை முட்டி வாங்கியது. கதவில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

---

எலும்புப்பெட்டி | மே 24, இரவு 10:30

படம் பார்த்தேன். நல்ல வேலை. கண்குழியின் விளிம்பு ஒரு சிதறல்கூட இல்லாமல் வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. நாங்கள் ஒவ்வொரு எலும்பிலும் விவரம் எழுதாமல் அலமாரியில் வைப்பதில்லை. அண்ணத்தின் பக்கம், வெளியே தெரியாத இடத்தில், மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள்: பெயர், ஆணா பெண்ணா, வயது, இறந்த நாள். இருபது வருடம் கழித்து யார் எடுத்துப் பார்த்தாலும் அது வெறும் ஆட்டுத்தலையாக இருக்காது.

---

செவலையன் | மே 25, காலை 6:15

எழுதிவிட்டேன் ஐயா. செவலை, கிடா, 11 வயது, இறந்த தேதி. இடம் மிச்சமிருந்தது. அடியில் 'இடப்பக்கம் பல் இல்லை, தழையை நறுக்கிப் போட வேண்டும்' என்றும் எழுதினேன்.